ஒரே வீட்டில் இரண்டு ஆய்வாளர்கள்: ஆய்வு வெளியீடு பற்றி மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதகையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வு மாணவர்கள் புத்தகம் கேட்டு வருவதைவிட "இதை எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம்?" என்று கேட்டு வருவதுதான் இப்போது அதிகம். ஒரு மழைநாளில் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இரண்டு மகள்களோடு வந்தார். பெரியவள் வரலாற்றில் ஆய்வு செய்கிறாள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறிய குடும்பங்களிடம் பேசிப் பதிவு செய்வது அவள் வேலை. சின்னவள் தாவரவியல். சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளியில் வாட்டில் என்கிற சீகை மரம் எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று அளக்கிறாள்.

"சார், ரெண்டு பேரும் ஒரே வருஷந்தான் சேந்தாங்க. சின்னவ பேரு நாலு கட்டுரைல வந்திருச்சு. பெரியவ பேரு ஒண்ணுலதான் இருக்கு. இவ ஒழுங்கா படிக்கலையா?"

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று நின்ற நிலையில் என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு இதே கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து பலமுறை கேட்டுவிட்டேன். அதனால் எழுதியே வைக்கிறேன்.

பெரியவள் பின்தங்கிவிட்டாளா?

இல்லை. இரண்டு பேர் செய்கிற வேலையும் வேறு, அதைச் சரிபார்க்கிற விதமும் வேறு.

அறிவியல் கட்டுரையைப் படிப்பவர் மனதில் ஒரு கேள்வி ஓடும்: "இவர் செய்த மாதிரியே நானும் செய்தால் இதே விடை வருமா?" அதனால் அங்கே செய்முறைதான் உயிர். எந்த இடம், எந்தக் கருவி, எத்தனை முறை, என்ன கணக்கு என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு விடை கிடைத்ததும் அதைத் தனியாக எடுத்து வெளியிடலாம். அடுத்த விடை அடுத்த கட்டுரை.

மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற கலைப்புலத்தில் படிப்பவரின் கேள்வி வேறு: "இவர் காட்டுகிற மூலம் உண்மையிலேயே இதைத்தான் சொல்கிறதா? இப்படி வாசிப்பது சரியா?" அதற்கு மூலத்தை மேற்கோளாகக் காட்டி, அதன் சூழலைச் சொல்லி, முன்பு வாசித்தவர்களோடு வாதாடி நிறுவ வேண்டும். நாற்பது குடும்பங்களின் வாய்மொழியை நாற்பது கட்டுரையாக உடைத்தால் வாதம் செத்துவிடும். முழுதாக நின்றால்தான் அதற்குப் பொருள்.

கட்டுரையின் நீளம், ஆகும் காலம், எத்தனை பேர் பெயர், யார் பணம் கட்டுவது என்று மற்ற வேறுபாடுகள் எல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

இதை நம் ஊரை வைத்தே காட்ட முடியுமா?

தாராளமாக. உதகையைப் போல இதற்கு வசதியான ஊர் குறைவு.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இங்கே இருக்கிறது. அதன் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வில் இந்திய, ஜப்பானிய நிறுவனங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து உழைக்கிறார்கள். வானத்திலிருந்து மழைபோல் இறங்கும் மியூவான் துகள்களை அங்குள்ள கருவிகள் இரவு பகலாக எண்ணிக்கொண்டே இருக்கும். 2014 டிசம்பர் 1ஆம் தேதி இந்த மலைமேல் ஒரு பெரிய இடிமேகம் கடந்துபோனது. அப்போது மியூவான் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து, அந்த மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் சுமார் 1.3 கிகாவோல்ட், அதாவது 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டார்கள். 2019இல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' ஆய்விதழில் கட்டுரை வந்தது. அந்த இதழில் அப்போது ஒரு கட்டுரைக்கு உச்ச அளவு ஏறக்குறைய 3,750 சொல். நான்கு வருட உழைப்பு அதற்குள் அடங்கிவிட்டது. தலைப்புக்குக் கீழே பெயர்கள் வரிசையாக நிற்கின்றன.

இப்போது இன்னொருவர். மரே எமனோ என்ற மொழியியலாளர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, இதே நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைப் பேசுவோர் வாயிலிருந்தே கேட்டு எழுதினார். 'கோத்தா டெக்ஸ்ட்ஸ்' நான்கு பகுதிகளாக 1944 முதல் 1946க்குள் வந்தது. தோடர் பாடல்கள் பற்றிய பெரிய நூல் 1971இல்தான். தோடா மொழி இலக்கணமும் உரைகளும் 1984இல். அப்போது அவருக்கு வயது 80. குறிப்பேட்டில் எழுதியதற்கும் நூலாக வந்ததற்கும் நடுவில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு! இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. டி. பர்ரோவோடு சேர்ந்து திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை 1961இல் கொண்டுவந்தார். கட்டுரைகளும் நிறைய எழுதினார். ஆனாலும் தோடர் மொழியைப் பற்றி இன்று எழுத உட்காரும் எவரும் அந்த நூல்களைத் தொடாமல் நகர முடியாது.

இவர்களில் யாரை "குறைவாகப் பப்ளிஷ் பண்ணியவர்" என்பீர்கள்? அந்தக் கேள்வியே பொருந்தவில்லை, பாருங்கள்.

கட்டுரையில் யார் யார் பெயர் போடலாம்? கைடு பெயர் கட்டாயமா?

அறிவியலில் ஒரு விடைக்குப் பின்னால் பல கைகள் இருக்கும். கருவி கட்டியவர், மாதிரி சேகரித்தவர், கணக்குப் போட்டவர், ஆய்வகத்தை நடத்துபவர் என எல்லாரும் ஆசிரியர்களே. பல துறைகளில் முதல் பெயர் அதிகம் உழைத்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசை. 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வந்த ஒரு கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். 33 பக்கக் கட்டுரையில் 24 பக்கம் பெயர்ப் பட்டியலுக்கே போனது.

கலைப்புலத்தில் வழக்கம் ஒரே பெயர். வாதம் ஒருவருடையது, அதற்குப் பொறுப்பும் அவருடையதே. உதவியவர்களுக்கு முதல் அடிக்குறிப்பில் நன்றி சொல்வார்கள். தலைப்பைத் திருத்திக் கொடுத்தார், வரைவைப் படித்தார் என்பதற்காகக் கைடு இணையாசிரியர் ஆகிவிட மாட்டார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ், வரலாறு மாணவர்கள் பலர் அறிவியல் துறை நண்பர்களைப் பார்த்துவிட்டு, கேட்கப்படாமலேயே கைடு பெயரைச் சேர்த்து அனுப்புகிறார்கள். கல்லூரி ஆசிரியர் தேர்விலும் பதவி உயர்விலும் கட்டுரைகளுக்கு மதிப்பெண் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி இருவர் எழுதிய கட்டுரைக்கு ஆளுக்கு 70 சதவீத மதிப்பெண்தான். இருவருக்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. தனியாக உழைத்த ஒருத்தி தன் மதிப்பெண்ணில் ஒரு பங்கைத் தானே விட்டுக்கொடுக்கிறாள். அதைவிட, எழுதாதவர் பெயரை எழுதியவராகப் போடுவது நேர்மையும் இல்லை. அறிவியலிலும் அப்படித்தான்.

சின்னவளுக்கு மூன்று மாதத்தில் பதில் வந்தது. பெரியவளுக்கு ஒன்றரை வருடம் ஆனது. ஏன்?

இரண்டு இடத்திலும் கட்டுரையை அதே துறை அறிந்த வேறு சிலருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். அறிவியல் இதழ்கள் பலவற்றில் மதிப்பீட்டாளருக்கு எழுதியவர் பெயர் தெரியும், எழுதியவருக்கு மதிப்பீட்டாளர் பெயர் தெரியாது. கலைப்புலத்தில் இரண்டு பக்கமும் பெயரை மறைப்பதே வழக்கம். அதனால் அனுப்பும் முன் கோப்பில் "என் முந்தைய கட்டுரையில் நான் காட்டியபடி" போன்ற வரிகளை நீக்க வேண்டும். கோப்பின் பண்புகளில் ஒட்டியிருக்கும் பெயரையும் அழிக்க வேண்டும். பலர் மறப்பது இந்த இரண்டாவதைத்தான்.

தாமதத்துக்குக் காரணம் நீளம். எட்டாயிரம், பத்தாயிரம் சொல் கொண்ட வாதத்தை ஒருவர் சம்பளம் இல்லாமல், தன் வகுப்புகளுக்கு நடுவே படித்து எடைபோட வேண்டும். இதழும் வருடத்துக்கு இரண்டோ நான்கோ முறைதான் வரும். அறிவியலில் அவசரத்துக்கும் காரணம் உண்டு. இதே அளவை வேறு நாட்டில் இன்னொரு குழு எடுத்துக்கொண்டிருக்கலாம், முந்தியவருக்கே பெயர். பெரியவள் பேசிய பாட்டியிடம் அதே வாரத்தில் இன்னொருவர் போய்ப் பேசி முந்திவிடப் போவதில்லை.

மதிப்பீட்டைக் கண்டு கோபப்படாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். 1936இல் ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும் ஈர்ப்பு அலைகளைப் பற்றி 'ஃபிசிக்கல் ரிவ்யூ'வுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். ஆசிரியர் அதை மதிப்பீட்டுக்கு அனுப்பியது ஐன்ஸ்டைனுக்குப் பிடிக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்று வேறு இதழுக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் மதிப்பீட்டாளர் சுட்டிய பிழை உண்மையான பிழை. அச்சில் வருமுன் முடிவையே மாற்ற வேண்டியிருந்தது.

அடிக்குறிப்பு ஏன் அவ்வளவு நீளம்? அறிவியலில் ஒரு எண்ணைப் போட்டு முடித்துவிடுகிறார்களே?

பெரியவளின் கட்டுரையில் ஏழாம் அடிக்குறிப்பு ஆறு வரி. அவள் பேசிய பாட்டி, 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்தவர். எந்த வருடம் என்று கேட்டால் "மூத்தவன் பால்குடி மறக்காத வருஷம்" என்பார். டிரங்குப் பெட்டியில் பழைய சேலைக்குள் சுற்றி வைத்திருந்த குடும்ப அட்டையில் வேறு வருடம் போட்டிருந்தது. எது சரி? அட்டையில் உள்ளது பதிவான வருடமாக இருக்கலாம், பாட்டி சொல்வது கப்பல் ஏறிய வருடமாக இருக்கலாம். பெரியவள் இரண்டையும் அடிக்குறிப்பில் வைத்தாள். பாட்டியின் சொல் அப்படியே, அட்டையில் உள்ளது அப்படியே, பேசிய நாள், இடம், உடனிருந்தவர் யார், தன் ஊகம் என்ன என்று எல்லாம் அங்கே இருந்தன. மதிப்பீட்டாளர் ஒருவர் "குறைக்கலாமே" என்று எழுதினார். அவள் குறைக்கவில்லை, ஏன் குறைக்கவில்லை என்று பதில் எழுதினாள். இதழ் ஏற்றுக்கொண்டது. அந்த ஆறு வரியை எடுத்துவிட்டால் நாளை இன்னொருவர் அவள் சொன்னதைச் சரிபார்க்க வழியே இல்லை.

சின்னவளுக்கு அந்த வேலையைச் செய்வது அட்டவணை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கயிறு கட்டி, அதற்குள் என்னென்ன முளைத்திருக்கிறது என்று எண்ணி, அந்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி, உயரம், சரிவு எல்லாம் குறித்திருந்தாள். மூலத் தரவு முழுவதையும் தனிக் கோப்பாகப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றச் சொல்லி இதழே கேட்டது. முந்தைய ஆய்வைக் காட்ட எண்ணோ, பெயரும் வருடமுமோ போதும். ஏனென்றால் அங்கே அவள் சொல்வது "இந்த அளவு ஏற்கெனவே எடுக்கப்பட்டது" என்பது மட்டுமே.

அறிவியலில் புத்தகத்துக்கு மதிப்பே இல்லையா?

பொதுவாகக் கட்டுரைதான் முதலில். ஆனால் "அறிவியல்" என்று ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது. தாவர வகைப்பாட்டைப் பாருங்கள். செடிகளின் பெயருக்கு லின்னேயஸ் 1753இல் எழுதிய நூல்தான் தொடக்கப் புள்ளி என்று சர்வதேச விதியே இருக்கிறது. நம் மலைகளுக்கு பி.எஃப். ஃபைசன் எழுதிய நீலகிரி, பழனி மலைமுகட்டுத் தாவர நூல் 1915 முதல் 1920 வரையில் வந்தது. திருச்சி ராபினட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தில் உழைத்த கே.எம். மேத்யூ என்ற இயேசு சபைத் துறவி 1999இல் பழனி மலைத் தாவரங்களை மூன்று பாகமாகத் தந்தார். ஒரு குறிஞ்சி வகையின் பெயரில் சந்தேகம் வந்தால் சின்னவள் போகிற இடம் நேற்று வந்த கட்டுரை இல்லை, இந்தப் பழைய பாகங்கள்தான்.

கணினி அறிவியலில் இன்னும் வேறு. அங்கே பெரிய மாநாட்டில் ஏற்கப்பட்ட கட்டுரைக்கு ஆய்விதழை ஒத்த மதிப்பு. கலைப்புல மாநாட்டிலோ, வாசித்துவிட்டு வந்தால் அது வரைவு மட்டுமே. விவாதத்தில் கிடைத்ததைச் சேர்த்து எழுதி அனுப்பினால்தான் வெளியீடு.

கொடைக்கானல் வான் ஆய்வகத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டார். இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே பெயர். அவர் அதை விரிவாக எழுதியது ஆய்வகம் தானே அச்சிட்ட அறிக்கை வரிசையில், 15ஆம் இதழில். இன்றைய மதிப்பெண் கணக்கில் "சொந்த நிறுவன வெளியீடு" என்று ஒதுக்கிவிடுவார்கள். எங்கே வந்தது என்பதைப் பார்க்கும் முன் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள் என்று மாணவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

கலைப்புலத்தில் புத்தகம் எழுதினால் எவ்வளவு மதிப்பெண்?

யுஜிசியின் 2018 விதிமுறையில், பன்னாட்டுப் பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 12, இந்தியப் பதிப்பகம் என்றால் 10, தொகுப்பு நூலில் ஒரு அத்தியாயத்துக்கு 5. ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றுக்கு கலைப்புலத்தில் 10, அறிவியலில் 8. தாக்கக் காரணி (இம்பாக்ட் ஃபேக்டர், அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்) உள்ள இதழ் என்றால் அதற்கு மேல் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு.

எட்டு வருடம் களத்தில் அலைந்து எழுதிய நூலுக்கு 12, ஒரு கட்டுரைக்கு 10. இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. இது நூலை எழுதாதே, உடைத்துக் கட்டுரையாக்கு என்று இளையவர்களுக்குச் சொல்கிற கணக்கு. ஐராவதம் மகாதேவன் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை 1960களிலிருந்து குகை குகையாகப் போய்ப் படித்தார். அவருடைய பெருநூல் 2003இல் வந்தது. அந்த நூல் இல்லாமல் இன்று தமிழ் எழுத்தின் தொன்மையைப் பேச முடியுமா?

ஆய்வேட்டை அப்படியே நூலாக்க எண்ணாதீர்கள். ஏடு மூன்று தேர்வாளர்களுக்கு எழுதியது. முந்தைய ஆய்வுகளின் பட்டியலாக நீளும் இரண்டாம் இயலை வெட்டுங்கள். நல்ல பதிப்பகம் முதலில் கேட்பது பத்துப் பக்க முன்வரைவும் ஒரு மாதிரி இயலும். பிறகு இரண்டு பேர் படித்துக் கருத்துச் சொல்வார்கள். பணம் கட்டச் சொல்லி, ஒரே மாதத்தில் அச்சடித்துக் கட்டுக்கட்டாக உங்கள் வீட்டுக்கே அனுப்புகிறவர் அச்சகத்தார், ஆய்வுப் பதிப்பகத்தார் அல்ல.

இம்பாக்ட் ஃபேக்டர் குறைவாக இருந்தால் இதழ் மோசமா?

ஒரு இதழ் கடந்த இரண்டு வருடத்தில் வெளியிட்ட கட்டுரைகளை இந்த வருடம் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் தாக்கக் காரணி. யூஜீன் கார்ஃபீல்டு 1964இல் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணையிலிருந்து வளர்ந்தது. இரண்டே வருடம் என்பதைக் கவனியுங்கள். வேகமாக நகரும் மூலக்கூறு உயிரியலுக்கு அது சரிவரலாம். 1984இல் வந்த தோடா இலக்கணத்தை இன்று ஒருவர் மேற்கோள் காட்டினால் அந்தக் கணக்கில் அது விழவே விழாது. நூல்களும் அதில் சேராது. கலைப்புல இதழ்களுக்கு 2023 வரை இந்த எண்ணே தரப்படவில்லை. அதனால் தமிழ் ஆய்விதழிடம் போய் "உங்க இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். ஆசிரியர் குழுவில் யார், பழைய இதழ்களில் எழுதியவர்கள் யார் என்று பாருங்கள்.

இந்த எண்ணை வைத்துத் தனிமனிதரையோ தனிக் கட்டுரையையோ எடைபோடக்கூடாது என்று அறிவியலாளர்களே 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடி ஒரு பிரகடனம் தயாரித்தார்கள். நேர்காணல் அறைக்குள் அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

கட்டுரை போட யார் யாருக்குப் பணம் கொடுக்க வேண்டும்?

பழைய முறையில் நூலகம் சந்தா கட்டும், எழுதுபவர் கட்ட வேண்டியதில்லை. கலைப்புலத்தில் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். செலவு வந்தால் படங்களுக்கும் ஆவண நகல்களுக்கும் அனுமதி வாங்குவதில் வரும். அறிவியலில் எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட, எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் முறை பெருகிவிட்டது. 'நேச்சர்' இதழ் 2020இல் இதற்கு அறிவித்த தொகை 9,500 யூரோ. வெளிநாட்டில் ஆய்வு நிதியிலிருந்து கட்டிவிடுவார்கள். நம் மாணவர் தன் உதவித்தொகையிலிருந்து கட்ட முடியுமா? கட்டணமே கேட்காத நல்ல இதழ்களும் உண்டு. சி.வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமியின் 'பிரமாணா' போன்றவற்றை முதலில் பாருங்கள்.

படிக்கிற பக்கத்தில் ஒரு நல்ல செய்தி. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் பயன்படுத்தலாம். முன்பு ஒரு கட்டுரைக்காகக் கோவைக்குப் பஸ் ஏறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். உங்கள் நூலகரிடம் கேட்டு உள்நுழைவு வாங்கிக்கொள்ளுங்கள்.

போலி ஜர்னலை எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் மாணவி ஒருவர் 3,500 ரூபாய் கட்டினார். அனுப்பிய இரண்டாம் நாள் "ஏற்கப்பட்டது" என்று மின்னஞ்சல் வந்தது. ஒரு வரித் திருத்தம்கூட யாரும் கேட்கவில்லை. பழைய நல்ல இதழ் ஒன்றின் பெயரோடு ஒரு சொல்லை மட்டும் கூட்டி வைத்திருந்த இதழ் அது. நேர்காணலில் தேர்வுக்குழு அந்தக் கட்டுரையைக் கணக்கில் எடுக்கவில்லை. அதே கட்டுரையை வேறு இடத்துக்கும் அனுப்ப முடியாது, ஏனென்றால் அது ஏற்கெனவே வெளிவந்தது. நல்ல ஆய்வு அது, வீணாகிப்போனது. அந்தப் பெண் நூலகத்தில் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை.

அதனால் அனுப்பும் முன் என்னிடம் கொண்டுவரச் சொல்கிறேன். இயற்பியலிலிருந்து இலக்கியம் வரை எல்லாம் போடுகிற பன்முக இதழா? இரண்டு நாளில் முடிவு என்கிறார்களா? ஆசிரியர் குழுவில் உள்ளவரின் கல்லூரிப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா? இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைத் தேடினால் இதே பெயர்தான் வருகிறதா? எல்லாவற்றையும்விட, கடைசி இதழில் ஒரு கட்டுரையை எடுத்து முழுதாகப் படியுங்கள். அரை மணி நேரம் ஆகும், அதில் தெரிந்துவிடும். முன்பு யுஜிசி ஏற்கும் இதழ்களுக்கு யுஜிசி-கேர் என்ற பட்டியல் இருந்தது. 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள், இனிக் கல்லூரிகளே மதிப்பிட வேண்டும். "கேர் லிஸ்டில் இருக்கிறோம்" என்று இன்றும் ஒரு இதழ் விளம்பரம் செய்தால் அதை நம்பி அனுப்பாதீர்கள்.

மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் ஏற்றலாமா?

இயற்பியலில் இது அன்றாடம். 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் முதலில் ஏற்றிவிட்டுத்தான் இதழுக்கே அனுப்புவார்கள். உயிரியலுக்கு பயோஆர்க்கைவ், 2013 முதல். கலைப்புலத்தில் பெயர் மறைத்து மதிப்பிடுவதால் ஏற்றினால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். இதழாசிரியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பிஎச்டி முடிக்கக் கட்டுரை கட்டாயமா?

யுஜிசியின் 2022 விதிமுறை அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கலாம், அலுவலகத்தில் விதிப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம்.

தமிழில் எழுதினால் மதிப்பு உண்டா?

அறிவியல் கட்டுரை ஆங்கிலத்தில்தான் போக வேண்டியிருக்கிறது. கயிறு கட்டி எண்ணிய அளவைப் பிரேசிலில் இருப்பவரும் தன் புல்வெளியோடு ஒப்பிட வேண்டும்.

கலைப்புலத்தில் தமிழ் ஆய்வுமொழியேதான். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டு செய்தது உலகத்தரமான ஆய்வு. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ் நூற்றாண்டுக்கு முன்பே கல்வெட்டு, இலக்கணம், காலஆராய்ச்சி எல்லாவற்றையும் தமிழில் விவாதித்தது. பெரியவளுக்கு நான் சொன்னது: பாட்டிகளின் சொல்லை ஆராய்வதைத் தமிழில் எழுது, அவர்கள் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள். இலங்கை, பர்மா, மலேசியத் தோட்டங்களோடு ஒப்பிட்டு வாதாடுவதை ஆங்கிலத்தில் எழுது. ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக இரண்டு முறை கணக்குக் காட்டாதே.

கடைசியில் அந்த அப்பாவுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

பெரியவளின் கட்டுரை அச்சில் வந்ததும் மறுபடி வந்தார். இதழை அவர் முன் விரித்து வைத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரியில் வைத்து மெதுவாகப் படித்தார். ஏழாம் அடிக்குறிப்பில் விரல் நின்றது. "அந்தக் கெழவி கூட அதே கப்பல்ல எங்க சித்தப்பாவும் வந்தாரு. அவர் கார்டு மண்டபம் கேம்ப்ல போட்டது. அத பாத்தியாம்மா?" பெரியவள் பார்க்கவில்லை. உடனே நோட்டை எடுத்தாள்.

பிறகு சின்னவள் கட்டுரையைக் கேட்டார். ஆங்கிலம் என்பதால் அட்டவணையை மட்டும் அவளே விளக்கினாள். கேட்டுக்கொண்டிருந்தவர், "இது மழைக்கு முன்னாடி எண்ணினதா, பின்னாடியா? மழை விட்டா ஒரு வாரத்துல சீகை நாத்து கையளவு வந்துருமே" என்றார். அவள் தேதி எழுதியிருந்த பத்தியைத் தேடி எடுத்துக் காட்டினாள்.